பார்வதிபுரத்துல 12 சென்ட் கெடக்கு, ரீட் யூனிட் எதுக்கு?

தக்கலைக்காரன், 9 பிப்ரவரி 2025

பார்வதிபுரம் பக்கம் அப்பா வாங்கிப் போட்ட 12 சென்ட் சும்மா கெடக்கு. அத வித்துட்டு ரீட் யூனிட், அதாவது வாடகைக் கட்டடங்கள வச்சிருக்கிற அறக்கட்டளையில ஒரு பங்கு, வாங்குன்னு ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவன் சொல்லுதான். பெங்களூர், சென்னை ஐடி பார்க் எல்லாம் வெளிநாட்டு பென்ஷன் ஃபண்டுதான் வாங்கி வச்சிருக்காம், நாமளும் பங்கு மாதிரி வாங்கலாமாம். எனக்குப் புரியல. பாதிப்பேரு வீட்ல இருந்து வேலை பாக்குற காலத்துல ஆபீஸ் கட்டடத்துக்கு எவன் வாடகை தருவான்? மண்ணுன்னா மண்ணு. அப்பிடி நல்ல யாவாரம்னா அந்தப் பெரிய ஃபண்டு ஏன் நம்ம மாவட்டத்துக்கு வரல?

குழித்துறையிலிருந்து, 9 பிப்ரவரி 2025, இரவு

தம்பி, இதுல ரெண்டு கேள்வி இருக்கு. வாடகை கேள்விய மொதல்ல எடுக்கேன், அது எனக்குத் தெரிஞ்ச வேலை.

பெங்களூர்ல ஒரு ஐடி பார்க்ல லீஸ் பாக்குற பிரிவுல இருந்தேன். அந்த ஐடி பார்க்குக்குச் சொந்தக்காரர் ஒரு வெளிநாட்டு ஃபண்டு. அவங்க ஆளுங்க வந்தா கட்டடத்த அண்ணாந்து பாக்க மாட்டாங்க, நேரா எங்க அறைக்கு வந்து வாடகைப் பட்டியல விரிக்கச் சொல்லுவாங்க. எந்த மாடி, எந்தக் கம்பெனி, எத்தன சதுர அடி, லாக்-இன் (காலி பண்ண முடியாத காலம்) எந்த மாசம் முடியுது, அடுத்த ஏற்றம் எப்போ, டெபாசிட் எத்தன மாசத்துது, ஒப்பந்தம் பதிவாகியிருக்கா. இத்தனையும் பாத்துட்டுத்தான் காப்பி குடிப்பாங்க. ஒரு உறுதியான கம்பெனி இத்தன வருஷத்துக்கு மாசாமாசம் இவ்வளவு தருவேன்னு போட்ட கையெழுத்துக்குத்தான் அவங்க விலை குடுத்திருந்தாங்க. மண்ணும் கட்டடமும் அந்தக் கையெழுத்துக்கு அடியில இருக்கிற ஈடு.

2020 மார்ச்சுக்கு அப்புறம் கேட்டுல அட்டை தேய்க்கிறவங்க எண்ணிக்கை அநேகமா பூஜ்யம். ஆனா வாடகை பில் போச்சு, பணமும் வந்துச்சு. லாக்-இன் மூணு வருஷம், அஞ்சு வருஷம்னு இருக்கும். உள்ள மேசை, ஏசி, வயர்னு கம்பெனி தன் கைக்காசப் போட்டு பண்ணியிருக்கும். விட்டுட்டுப் போனா அதுவும் போகும். இந்தியாவுல பெரிய ஆபீஸ் லீஸ்ல மூணு வருஷத்துக்கு ஒருக்கா 15 சதவீதம் ஏற்றம் வழக்கம், அந்த வருஷத்துலயும் பல பேரு அத குடுத்தாங்க.

லாக்-இன் முடிஞ்ச கம்பெனிங்க மாடிகளத் திருப்பிக் குடுத்தது உண்மை. சிறப்புப் பொருளாதார மண்டலக் கட்டடம்தான் ரொம்ப அடி வாங்கிச்சு, வரிச்சலுகை முடிஞ்சதால புதுசா யாரும் வரல. 2023 டிசம்பர்ல மாடி மாடியா மண்டலத்துல இருந்து பிரிச்சுக்கலாம்னு மத்திய அரசு விதிய மாத்தின பொறவுதான் அந்த இடத்த வேற ஆளுக்கு விட முடிஞ்சது. வந்தது பெரும்பாலும் வெளிநாட்டுக் கம்பெனிங்க சொந்தமா நடத்துற மையங்க. அமெரிக்கா கதை வேற. அங்க பல ஊர்ல ஆபீஸ் காலி. 2019 ஜனவரியில 4,700 கோடி டாலர் மதிப்புன்னு சொன்ன வீவொர்க் 2023 நவம்பர்ல திவால் மனு போட்டுச்சு. அது நீண்ட வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்து, மாசக்கணக்குல உள்வாடகைக்கு விட்ட கம்பெனி. வர்ற கையெழுத்து சின்னது, குடுத்த கையெழுத்து பெருசு.

10 பிப்ரவரி 2025

கீழ ஒருத்தர் "ரீட் வாங்க 2 லட்சமாவது வேணும்"னு போட்டிருக்காரு. அது பழைய விதி. பங்குச் சந்தைய ஒழுங்குபடுத்துற செபியோட ரீட் விதிமுறை 2014ல வந்துச்சு, முதல் ரீட்டான எம்பசி 2019 ஏப்ரல் 1ல பங்குச் சந்தையில பட்டியல் ஆச்சு. 2021ல இருந்து ஒத்த யூனிட்டே வாங்கலாம், விக்கலாம், டிமேட் கணக்கு இருந்தாப் போதும். 10 லட்சம்னு காதுல விழுந்திருந்தா அது சின்ன ரீட், 2024 மார்ச்சுல வந்தது. 50 கோடிக்கு மேல 500 கோடிக்குக் கீழ மதிப்புள்ள சொத்துக்கு.

பெரிய ரீட்டுக்கு, சொத்துல குறைஞ்சது 80 சதவீதம் கட்டி முடிச்சு வாடகை வர்றதா இருக்கணும். பிரிச்சுக் குடுக்கக் கூடிய பணத்துல 90 சதவீதமாவது யூனிட்காரங்களுக்குக் குடுத்தே ஆகணும். கடன் சொத்து மதிப்புல 49 சதவீதத்தத் தாண்டக் கூடாது. "முதலாளி பணத்தை அமுக்கிட்டா?"ன்னு கேட்ட அண்ணாச்சிக்கு இதுதான் பதில்.

16 பிப்ரவரி 2025

இப்போ ரெண்டாவது கேள்வி, நம்ம மாவட்டத்துக்கு ஏன் வரல.

அளவுதான் முதல் காரணம். ஒரு பெரிய ரீட் தொடங்கணும்னா சொத்து மதிப்பு 500 கோடியாவது இருக்கணும். நாகர்கோவில் 2019ல மாநகராட்சி ஆச்சு, நல்லது. ஆனா ஒரே கூரைக்குக் கீழ அஞ்சு லட்சம் சதுர அடி, பத்து வருஷ லீஸ், கேட்டா பேரு தெரிஞ்ச வாடகைதாரர், இந்த மூணும் சேர்ந்த கட்டடம் இங்க எங்க இருக்கு? ஐடி படிச்ச நம்ம பிள்ளைங்க கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறுதாங்க. டெக்னோபார்க் 1990லயே வந்தது, அந்தக் கட்டடத்துல நம்ம ஊரு உழைப்பு நெறைய இருக்கு, வாடகை மட்டும் அந்தப் பக்கம்.

அத விடப் பெரிய காரணம் பத்திரம். சொந்தத்துல ஒருத்தருக்கு ஒரு விளை (தோட்ட நிலம்). பத்திரத்துல எல்லை இப்படி: கெழக்க தோடு (சின்ன ஓடை), தெக்க இன்னார் வக விளை, மேக்க நடைவழி, வடக்க அயனி மரம் நிக்கிற கையாலை (எல்லைச் சுவர்). தோடு இப்போ கான்கிரீட் ஓடை, அதுவும் எடம் மாறிப் போச்சு. அயனி முறிச்சாச்சு. இன்னாரோட விளை அவரு பேரப்பிள்ளைங்க கையில ஏழா கெடக்கு. 1956 நவம்பர் 1க்கு முந்தி நாம திருவிதாங்கூர், அந்தக் காலத்து ஆவணம் பலதும் மலையாளத்துல. படிக்கத் தெரிஞ்ச பத்திர எழுத்தருங்களும் கொறஞ்சுட்டாங்க. இந்த மூல ஆவணத்த மும்பையில இருக்கிற வக்கீல் கையில குடுத்தா அவரு என்ன சான்று எழுதுவாரு? எழுத மாட்டாரு, ஃபண்டும் வராது.

மாவட்டம் நெருக்கமானதும் ஒரு காரணம். 2011 கணக்குல சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல. 30 ஏக்கர் ஒரே மட்டத்துல வேணும்னா எத்தன வீட்டு வாசல்ல போய் நிக்கணும்னு யோசிச்சுக்கோங்க.

17 பிப்ரவரி 2025

கருங்கல்ல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கா: "இதெல்லாம் பணக்காரங்க வெவகாரம், நமக்கு என்ன அக்கா?" உன் பேர்ல என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) இருந்தா, அந்தப் பணத்துல ஒரு சின்னப் பங்கு ரீட்டுக்குள்ளயும் போகலாம்.  கனடா ஆசிரியரோட பென்ஷன் பணம் நம்ம நாட்டுக் கட்டடத்துல இருக்குன்னா, உன் பென்ஷன் பணமும் அதே வரிசையில நிக்கலாம். அதனாலதான் இத எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு ஆசைப்படுதேன்.

6 மார்ச் 2025

இழை தூங்கிப் போச்சு, நான் எழுப்புதேன். "நம்ம ஊர்ல நிறுவனச் சொத்தே இல்ல"ங்கிற மாதிரி பேச்சு போகுது. இருக்கு. மொட்டை மாடியில இருக்கு.

சித்தப்பா வீட்டு மாடியில செல்போன் டவர் நிக்கி. நாகர்கோவில்ல இருந்து களியக்காவிளை வரைக்கும் இப்படி எத்தன மாடி. அந்தக் கோபுரத்துல பலதும் நிறுவன முதலீட்டாளர் கையில இருக்கிற சொத்து. 2020ல ஜியோவோட டவர் அறக்கட்டளைய கனடா முதலீட்டு நிறுவனம் ப்ரூக்ஃபீல்டும் கூட்டாளிகளும் 25,215 கோடிக்கு வாங்கினாங்க, ஒரு லட்சத்துக்கு மேல டவர். 2024ல அமெரிக்க டவர் கம்பெனி ஏடிசியோட இந்திய டவரும் அவங்க கைக்குப் போச்சு. இப்படி டவர், ரோடு மாதிரி கட்டமைப்ப வச்சிருக்கிற அறக்கட்டளைதான் இன்விட், ரீட்டுக்கு அண்ணன் தம்பி முறை வரும். நாம ரீல்ஸ் பாக்கப் பாக்க அந்தக் கோபுரத்துல ஆன்டெனா கூடும், அவங்க வாடகை கூடும்.

சித்தப்பா லீஸ எடுத்துப் படிச்சேன். கம்பெனி பேரு இங்க வேண்டாம். 20 வருஷம். கம்பெனி எப்போ வேணும்னாலும் நோட்டீஸ் குடுத்து எறங்கிக்கலாம், சித்தப்பா எறக்கச் சொல்ல முடியாது. கூட இன்னொரு ஆபரேட்டர் ஆன்டெனா மாட்டினா அதுக்குத் தனி வாடகை சித்தப்பாவுக்குக் கிடையாது. கடைசிப் பக்கத்துல, வீட்ட வித்தாலும் லீஸ் வாங்குறவரக் கட்டும்னு சின்ன எழுத்துல ஒரு வரி. 15 சதவீத ஏற்றம் இருக்கு, ஆனா "பரஸ்பர சம்மதத்தின் பேரில்". பெங்களூர்ல கட்டடத்த வச்சிருந்த ஃபண்டுக்காரங்க இந்த மூணு வார்த்தைக்கு ஒத்துக்கவே மாட்டாங்க. இந்த லீஸ்ல உறுதியான கையெழுத்து சித்தப்பாவோடது மட்டும்தான்.

இன்னொண்ணு, கண்டிப்பாச் சொல்லணும். "டவர் வைக்க உங்க மாடியத் தேர்வு பண்ணியாச்சு, முன்பணம் கட்டுங்க"ன்னு போன் வந்தா கட்டாதிய. எந்த டவர் கம்பெனியும் இடம் குடுக்கிறவங்க கிட்ட காசு கேக்காது. டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பேர்ல வர்ற தடையில்லாச் சான்றும் பொய், டிராய் அப்படி ஒண்ணு குடுக்கிறதே இல்ல.

7 மார்ச் 2025

டவர் லீஸ பதிவு பண்ணணுமான்னு கேட்டவங்களுக்கு: ஆமா, பண்ணித்தான் ஆகணும். ஒரு வருஷத்துக்கு மேல போற எந்த லீஸும் பதிவு வேணும்.

13 ஏப்ரல் 2025

பத்திரம் பத்தி பிப்ரவரியில எழுதினதுக்கு "இப்போ எல்லாம் ஆன்லைன் அக்கா, வில்லங்கம் வீட்ல இருந்தே பாக்கலாம்"னு பதில் வந்திருந்துச்சு. பாக்கலாம். 2018 பிப்ரவரியில ஸ்டார் 2.0ங்கிற ஆன்லைன் பதிவு முறை வந்த பொறவு பதிவுத்துறை நல்லாவே மாறிச்சு. நானும் பதிவுத்துறை தளத்துல தினமும் ஒரு சர்வே நம்பராவது தட்டுவேன். பட்டா, புலப்படம், வில்லங்கம் மூணையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வச்சுப் பாத்தா பாதி வெவகாரம் அங்கயே தெரிஞ்சுரும்.

மீதிப் பாதிதான் சங்கடம். இந்த மாசம் 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நம்ம மாநிலத்துப் பதிவு விதி 55ஏ(1) செல்லாதுன்னு சொல்லிருச்சு. விக்கிறவரு தன் உரிமைக்கான மூல ஆவணத்தக் காட்டலேன்னா பதிவ மறுக்கலாம்னு அந்த விதி இருந்தது. உரிமை இருக்கா இல்லையான்னு தீர்மானிக்கிற அதிகாரம் சார் பதிவாளருக்குக் கிடையாதுங்கிறது தீர்ப்போட சாரம். சட்டம் எப்பவுமே அதுதான். நம்ம நாட்டுல பதிவாகிறது பரிவர்த்தனை, உரிமைக்கு அரசு உத்தரவாதம் தர்றதில்ல. ஆன்லைன்ல தெரியுற வில்லங்கச் சான்றும் பதிவானத மட்டும்தான் காட்டும். பதிவாகாத பாகப்பிரிவினை, வாய்மொழி ஒற்றி, குவைத்துல இருக்கிற அண்ணனோட பங்கு எதுவும் அதுல வராது.

ஃபண்டுக்காரங்க இதுக்கு என்ன பண்ணுதாங்கன்னு கேட்டிய. வக்கீல வச்சு 30 வருஷமாவது பின்னால போயி தேடுவாங்க. அநேகமா நிலத்த நேரா வாங்காம, நிலத்த வச்சிருக்கிற கம்பெனியோட பங்க வாங்குவாங்க. 2016 ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பொறவு, வாங்குறவங்க குடுக்கிற பணத்துல 70 சதவீதம் தனிக்கணக்குல கெடக்கணும்னு ஆனதும் அவங்களுக்குத் துணிச்சல் குடுத்துச்சு. நமக்கு இத்தன வசதி இல்ல, நாம நடந்துதான் தேடணும்: கிராம நிர்வாக அலுவலகம், பக்கத்து விளைக்காரர், தீர்வை ரசீது.

14 ஏப்ரல் 2025

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லாருக்கும். நேத்து எழுதினதோட ஒண்ணு சேக்கணும். டிஜிட்டல் ஆனதால உரிமை தெளிவாகல, ஆனா தெளிவில்லாத இடம் எதுன்னு சீக்கிரம் தெரிய வந்திருக்கு. முந்தி ஒரு வாரம் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டத இப்போ சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சுக்கலாம். பெரிய பணத்துக்கு இது ரொம்ப முக்கியம். வேண்டாம்னு சீக்கிரம் ஒதுக்க முடிஞ்சா, வேணுங்கிறத நிதானமாப் பாக்கலாம். நம்ம மாவட்டம் இப்போதைக்கு அந்த ஒதுக்குற பட்டியல்ல இருக்குங்கிறது எனக்கு வருத்தம்தான்.

4 மே 2025

விழிஞ்ஞம் துறைமுகத்த நேத்தக்கு முன்தினம் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணிச்சாரு. அன்னைக்கு ராத்திரியே எனக்கு மூணு வாட்ஸ்அப்: "களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் குடோன் நிலம், ஃபண்டு வருது, இப்போவே பிடிங்க."

மக்களே, கொஞ்சம் பொறுங்க. அது பெரிய கப்பல்ல வர்ற கண்டெய்னர் பெட்டிய சின்னக் கப்பலுக்கு மாத்துற துறைமுகம். பெட்டி கரையில எறங்கி லாரியில ஏறுனாத்தான் குடோனுக்கு வேலை. அந்த வேலை 2025 மே மாசம் வரைக்கும் தொடங்கல. தேசிய நெடுஞ்சாலைக்கு முழு இணைப்பு வரணும், பாலராமபுரத்துக்குச் சுரங்க ரயில் பாதை வரணும். நம்ம பக்கம் களியக்காவிளை காவல்கிணறு நால்வழிச் சாலை முடியணும். முடிஞ்சாலும் இன்னைக்கு ஃபண்டு கட்டுற குடோன் வேற சாதனம்: உள்ள நாப்பது அடி உயரம், தரையில ஒரு வெடிப்பு கூடாது, லாரி நேரா ஒட்டி நிக்க வரிசையா வாசல், சுத்திலும் பெரிய டிரைலர் திரும்ப இடம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனாப் பாக்கலாம். கனடா பென்ஷன் ஃபண்டு 2017லயே குடோன் கட்டுற இண்டோஸ்பேஸ் கம்பெனி கூடச் சேந்து அந்தத் தொழில்ல எறங்கியாச்சு. தென்னையும் மேடும் பள்ளமுமா இருக்கிற நம்ம விளைகள்ல அத நிரப்பி மட்டமாக்குற மண்ணுக்கே தனிச் செலவு, அந்த மண்ணுக்கு எந்த மலைய வெட்டுவாங்கன்னு நமக்குத் தெரியும். அது நடக்க வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்தாலைய வச்சு "டேட்டா சென்டர் வரும்"னு ஒருத்தர் போட்டிருந்தாரு. மின்சாரம் கம்பி வழியா எங்கயும் போகும், டேட்டா சென்டர் பெரும்பாலும் கடலடிக் கேபிள் கரையேறுற ஊருக்குத்தான் போகுது. சென்னையில அம்பத்தூர், சிறுசேரின்னு அதனாலதான் குவியுது. ரிலையன்ஸ், ப்ரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி மூணு பேரும் சேந்த மையம் 2024 ஜனவரியில அம்பத்தூர்ல திறந்தாச்சு. நம்ம காத்து மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் நல்லா வீசும், அந்த மெஷினுக்கு வருஷம் முழுக்க ஒரே மாதிரி கரண்ட் வேணும்.

29 ஜூன் 2025

மார்த்தாண்டத்துல எங்க மாமியார் வீட்டு முன்பக்கம் ஒரு அறை. ரொம்ப நாளு ஏடிஎம் இருந்துச்சு, ராத்திரி பகலா ஏசி ஓடும், வாடகை மாசம் பத்தாம் தேதிக்குள்ள கணக்குல ஏறிரும். ஜிபே வந்து மீன் விக்கிற ஆச்சி கூடையில கூட கியூஆர் அட்டை தொங்கின பொறவு ஏடிஎம் காலி பண்ணிட்டாங்க. தரையில நாலு போல்ட் ஓட்டை, சுவத்துல கேபிள் துளை, அவ்வளவுதான் மிச்சம். இப்போ ஒரு பார்சல் கம்பெனி எடுத்திருக்கு. காலையில வேன் வந்து மூட்டையக் கொட்டும், பையன்மாரு பைக்ல பிரிச்சு ஏத்திக்கிட்டு போவாங்க. வாடகை ஏடிஎம்ம விடக் கொஞ்சம் கூட. ஆனா ஒப்பந்தம் 11 மாசம்.

நான் இவ்வளவு நாளா சொல்ல வந்தது இந்த அறைக்குள்ள முழுசா இருக்கு. பணம் போனுக்குள்ள போனதால ஒரு வாடகைதாரர் போனாரு, கடை போனுக்குள்ள போனதால இன்னொருத்தர் வந்தாரு. இடம் அதே இடம், மண்ணு அதே மண்ணு. மாறினது குடியிருக்கிறவரோட தொழில். பெரிய ஃபண்டு ஆபீஸ்ல இருந்து குடோனுக்கும் டவருக்கும் டேட்டா சென்டருக்கும் பணத்தப் பிரிச்சுப் போடுறதும் இதே கணக்குலதான். மாமிக்கு நான் சொன்னது: அடுத்த தடவ மூணு வருஷ ஒப்பந்தம் கேளுங்க, பதிவு பண்ணுங்க, ரெண்டு வருஷம் லாக்-இன் போடுங்க. "வாடகைய அஞ்சு நூறு குறைச்சாலும் சரியா மோளே?"ன்னு கேட்டாங்க. சரிதான்னேன்.

20 ஆகஸ்ட் 2025

நாலெட்ஜ் ரியால்டி ட்ரஸ்ட்ங்கிற புது ரீட் இந்த வாரம் பட்டியல் ஆச்சு. 4,800 கோடி திரட்டினாங்க, யூனிட் 100 ரூபா. அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பிளாக்ஸ்டோனும் பெங்களூர் கட்டட நிறுவனம் சத்வாவும் பின்னால இருக்காங்க. "வாங்கலாமா"ன்னு கேட்டவங்களுக்கு நான் ஆமா இல்லன்னு சொல்ல மாட்டேன், என் வேலை அது இல்ல. ரெண்டு விஷயம் மட்டும் பாத்துட்டுப் போங்க.

யூனிட் விலை எறங்கவும் செய்யும். எம்பசி 300 ரூபாய்க்கு வந்து, நல்லா ஏறி, 2023ல மறுபடி அந்த 300க்கிட்டயே வந்து நின்னுச்சு. வட்டி விகிதம் ஏறுனா இப்படித்தான். இடையில பணம் பிரிச்சுக் குடுத்துக்கிட்டேதான் இருந்தாங்க, ஆண்டுக்கு 6 சதவீதத்த ஒட்டி வருது. அந்தப் பணத்துல எவ்வளவு வட்டி, எவ்வளவு டிவிடெண்ட், எவ்வளவு கடன் திருப்பிக் குடுத்ததுன்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் வரி வேற வேற. பெரிய கையும் வெளியேறும்: அதே எம்பசியில இருந்து பிளாக்ஸ்டோன் 2023 டிசம்பர்ல மொத்தமா வித்துட்டுப் போச்சு.

பட்டியல் ஆகாத ஃபண்டு இன்னும் ஜாக்கிரதை. அமெரிக்காவுல பிளாக்ஸ்டோனோட பெரிய ரியல் எஸ்டேட் ஃபண்டு ஒண்ணுல 2022 கடைசியில நெறைய பேரு ஒண்ணா பணத்தத் திருப்பிக் கேட்டாங்க, காலாண்டுக்கு 5 சதவீதம்தான்னு கதவ ஒருக்களிச்சாங்க. ஒப்பந்தத்துல எழுதியிருந்த விதிதான் அது. கட்டடம் மெதுவா விக்கிற பொருள், அத போன்ல ஒரு தட்டுல வித்துரலாம்னு நம்ப வச்சா எங்கயோ ஒரு கதவு மூடியிருக்கும்.

14 செப்டம்பர் 2025

செபி முந்தாநாள் முடிவு பண்ணியிருக்கு, மியூச்சுவல் ஃபண்டு கணக்குல ரீட் இனி பங்கு வகை, இன்விட் பழைய கலப்பு வகையிலயே இருக்கும்.

21 செப்டம்பர் 2025

தக்கலைக்காரர் தம்பி பத்திரத்தோட போட்டோ தனியா அனுப்பியிருந்தாரு. அவரு சம்மதத்தோட எழுதுதேன்.

பட்டா இன்னும் அப்பா பேருலதான். அப்பா இல்ல. அம்மா, நம்ம தக்கலைத் தம்பி, ரெண்டு அக்காமாரு, நாலு பேரும் வாரிசு. பெரிய அக்கா மஸ்கட்ல. பாகப்பிரிவினை நடக்கல. அதனால "12 சென்ட விக்கவா"ங்கிற கேள்வியே இன்னும் பிறக்கல தம்பி, உங்களுது அதுல நாலுல ஒரு பங்கு. மொதல்ல வாரிசுச் சான்று, பொறவு பட்டா மாற்றம். அக்கா லீவுக்கு வரும்போது நாலு பேரும் உக்காந்து பாகப்பிரிவினைய எழுதிப் பதிவு பண்ணுங்க. வர முடியலேன்னா அங்கயுள்ள நம்ம தூதரகத்துல பவர் சான்றொப்பம் வாங்கி அனுப்பட்டும்.

அக்காமாருக்கு நெருங்கின ரோட்டுப் பக்கத்தக் குடுத்துட்டு நீங்க உள்ள போகாதிய, அவங்களும் உங்கள உள்ள தள்ள வேண்டாம். வழி விட்டு நாலா பிரிச்சா ஒவ்வொண்ணும் மூணு சென்ட்டுக்கும் கீழ, கடை அறை கூட ஒழுங்கா வராது. நாலு பேரும் பிரிக்காம ஒண்ணா வச்சு, ரோட்டப் பாத்து கட்டி, ஒரு வங்கிக்கோ மருந்துக்கடைக்கோ நீண்ட லீஸ் போட்டு, வாடகைய நாலா பிரிச்சுக்கிட்டா என்ன? யார் எவ்வளவு போட்டா, யார் கணக்கு எழுதுவா, ஒருத்தர் விக்கணும்னா மத்தவங்களுக்கு முதல் உரிமையா, எல்லாத்தையும் முன்னாடியே எழுதிக் கையெழுத்துப் போடணும். பெரிய ஃபண்டு ஆயிரம் கோடியில பண்ணுறது இதேதான், நாலு பேரு பண்ணக் கூடாதுன்னு சட்டம் இல்ல.

விக்கத்தான் செய்வோம்னு முடிவானா, வாங்குறவருக்கு முத்திரையும் பதிவும் சேந்து 9 சதவீதம் ஆகும், பேரம் அத வச்சுத்தான் நடக்கும். பொம்பளைங்க பேருல வாங்கினா, 10 லட்சத்துக்குள்ளதுக்கு 2025 ஏப்ரல்ல இருந்து பதிவுக் கட்டணத்துல ஒரு சதவீதம் குறைவு.

22 செப்டம்பர் 2025

தம்பி, ரீட் யூனிட்டுக்கும் நாமினி போடணும், அம்மா பேரைப் போட்டாலும் சரி. வாரிசுச் சான்று வாங்க கல்குளம் தாலுகாவுக்குத்தான் போகணுமான்னு கேட்டிய: அப்பா கடைசியா குடியிருந்த ஊரு தக்கலைன்னா ஆமா. மனு இ-சேவையில போடலாம், ஆதார் அட்டைல எல்லாரு பேரும் ஒரே மாதிரி எழுத்துல இருக்கான்னு மொதல்ல பாத்துக்கோங்க. உங்க ரெண்டாவது அக்கா பேரு பத்திரத்துல ஒரு மாதிரியும் ஆதார்ல வேற மாதிரியும் இருக்கு.